ஆவாரை பூக்கவில்லை, காந்தளைக் காணோம்: வறட்சி தாங்கும் காட்டுப் பூச்செடிகளின் கோளாறுகளும் தீர்வுகளும்

ஆவாரை, கொழுஞ்சி, விஷ்ணுகிரந்தி, எருக்கு, மஞ்சள் முள்ளி, செங்காந்தள். யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமலே கரட்டிலும் வேலியோரத்திலும் ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கிற செடிகள் இவை. காடுகளில் மர நிழலையொட்டி வளரும் கனகாம்பரத்தையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம், அதற்குக் கொஞ்சம் கூடுதல் ஈரம் வேண்டும் என்றாலும். இவற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் சில சமயம் ரோஜாவை விட அதிகமாக முரண்டு பிடிக்கும். பெரும்பாலும் நம் கவனிப்பு மிஞ்சிப் போவதுதான் காரணம். இல்லையென்றால், கவனிப்பு வேண்டிய முதல் பருவத்தில் "இது வறட்சி தாங்கும் செடிதானே" என்று விட்டுவிடுவது.

கீழே உள்ளதில் உங்கள் செடி காட்டும் அடையாளம் எதுவோ அதற்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண்ணில் விரலையோ ஒரு மெல்லிய குச்சியையோ நான்கு விரற்கடை ஆழத்துக்கு இறக்கிப் பாருங்கள். குச்சியில் ஈரமண் ஒட்டி வருகிறதா, தூசியாக வருகிறதா? இந்தப் பதில் இல்லாமல் எந்தக் கோளாறையும் பிரித்தறிய முடியாது. தண்ணீர் பற்றாத செடியும் தண்ணீர் மிஞ்சிய செடியும் இலையில் ஒரே வாட்டத்தைத்தான் காட்டும்.

விதை முளைக்கவே இல்லை

ஆவாரை, கொழுஞ்சி இரண்டுக்கும் விதைத்தோல் கெட்டி. தண்ணீர் உள்ளே புகாது. மண்ணில் கிடந்து, வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, மணலில் உரசித் தேய்ந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும். எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்து அடுத்து வரும் வறட்சியில் மொத்தமாகச் சாகாமல் இருக்க, இயற்கை வைத்திருக்கும் ஏற்பாடு இது. நமக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்பதால் அந்தத் தேய்மானத்தை நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

விதைகளை ஒரு கிண்ணத்தில் போட்டு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் மட்டும் உப்பி, தோல் தளர்ந்து இருக்கும். மற்றவை போட்டபோது இருந்த மாதிரியே சிறுத்துப் பளபளவென்று கிடக்கும். உப்பியவற்றை அன்றே விதைத்துவிடலாம். உப்பாதவற்றைத் துடைத்து உலர்த்தி, இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவே வைத்துப் பளபளப்பு போகும்வரை தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். சிறிய விதையான கொழுஞ்சிக்கு உப்புத்தாளை விட, சொரசொரப்பான ஆற்றுமணலோடு சேர்த்து உள்ளங்கையில் தேய்ப்பது எளிது. இன்னொரு வழியும் உண்டு: கொதித்து இறக்கிய தண்ணீரை விதைமேல் ஊற்றி, அது தானாக ஆறும்வரை அப்படியே விட்டுவிடலாம். அடுப்பில் வைத்தே கொதிக்க விட்டால் விதை செத்துவிடும்.

விதை உப்பியும் முளைக்கவில்லை என்றால் ஆழத்தைச் சந்தேகப்படுங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். பொடி விதைகளை மண்மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டாலே சரி. பாத்தி முழுக்க ஒன்றுகூட வரவில்லை, விதையையும் காணோம் என்றால் அது எறும்பின் வேலை. குழித்தட்டில் விதைத்து, தட்டைத் தண்ணீர் நிற்கும் தாம்பாளத்தின் நடுவே ஒரு செங்கல்மேல் தூக்கி வைத்துவிட்டால் எறும்பு அண்டாது.

செங்காந்தள் விதைக்கு இதெல்லாம் பொருந்தாது. அது முளைக்கவே நாள் பிடிக்கும், முளைத்தாலும் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். பொறுமை இருந்தால் விதை போடுங்கள், இல்லையென்றால் நாற்றங்காலில் வளர்த்த கிழங்கை வாங்கி நடுங்கள். காட்டிலிருந்து தோண்டி எடுக்க வேண்டாம். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் அது அருகிவிட்டது.

நட்ட சில நாட்களில் வாடுகிறது, தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை

விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மதியம் தொங்கிய இலை காலையில் நிமிர்ந்து நின்றால் பயமில்லை. வேர் இன்னும் பரவவில்லை, உச்சிவெயிலில் இலை கேட்கும் தண்ணீரை அதனால் ஈடுகட்ட முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு வாரம் மதியத்தில் மட்டும் தென்னங்கீற்றோ பழைய துணியோ கட்டி நிழல் கொடுத்தால் போதும். காலையிலும் தொங்கிக் கிடந்தால்தான் வேரைப் பார்க்க வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கிற, ஆனால் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. நாற்றுப்பையில் இருப்பது பெரும்பாலும் தென்னைநார்க் கழிவு. அது ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் எளிதில் தண்ணீரை உள்ளே விடாது. நாம் ஊற்றும் தண்ணீர் அந்த உருண்டையின் பக்கவாட்டில் வழிந்து சுற்றிலும் உள்ள மண்ணுக்குப் போய்விடும். சுற்று மண் சொதசொதவென்று இருக்க, வேர் இருக்கும் உருண்டை மட்டும் உள்ளே தக்கை போல உலர்ந்து கிடக்கும். குச்சியைச் சுற்று மண்ணில் குத்தினால் இது தெரியாது. தண்டையொட்டி, பழைய நாற்றுப்பை மண்ணுக்குள்ளேயே குத்திப் பார்க்க வேண்டும். உலர்ந்திருந்தால் செடியை மெல்லப் பெயர்த்து, அந்த உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருந்து மறுபடி நடுங்கள். இனி நடும்போது, பையைக் கிழிப்பதற்கு முன்பே இப்படி ஊறவைத்துவிடுங்கள்.

பெயர்த்த கையோடு வேரையும் பாருங்கள். பைக்குள் நாள்பட இருந்த செடியின் ஆணிவேர் அடியில் போய் முட்டி வட்டமாகச் சுருண்டிருக்கும். ஆவாரை, கொழுஞ்சி போன்றவை வறட்சியைத் தாங்குவதே அந்த ஆணிவேர் நேராகக் கீழே இறங்குவதால்தான். சுருண்ட வேர் மண்ணிலும் அப்படியே சுருண்டுதான் வளரும். அந்தச் செடி இந்த மழைக்காலத்தை ஓட்டிவிடும், முதல் கோடையில் விழும். மெல்லிய சுருளாக இருந்தால் கையால் பிரித்துவிடலாம், கனத்து மரம்போல் ஆகியிருந்தால் சுருண்ட பகுதியைக் கத்தியால் வெட்டிவிட்டு நடலாம். ஆனால் என்னைக் கேட்டால், ஆணிவேர் இறக்கும் செடிகளை நேரடியாக நிலத்தில் விதைப்பதே மேல். அவை பை நாற்றை விட மெதுவாக வளர்வதுபோல் தோன்றும். இரண்டாம் ஆண்டில் பாருங்கள், எது நிற்கிறது என்று.

அப்புறம், முதல் பருவம் முழுக்கத் தண்ணீர் உண்டு. வறட்சி தாங்கும் குணம் என்பது வேர் ஆழம் போனபின் வருவது, நாற்றிலேயே இருப்பதல்ல. தினமும் ஒரு சொம்பு என்று ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை இரண்டுமுறை, ஓர் அடி ஆழம் நனையும்படி ஊற்றி, இடையில் மேல்மண்ணைக் காயவிடுங்கள். ஈரத்தைத் தேடி வேர் கீழே இறங்கும். முடிந்தவரை மழை தொடங்கும்போதே நட்டுவிட்டால் இந்த வேலையில் பாதியை மழை பார்த்துக்கொள்ளும்.

மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடுகிறது, அடித்தண்டு கறுக்கிறது

இது வேரழுகல். நீர் கோத்த மண்ணில் காற்று இல்லை, காற்றில்லாமல் வேர் மூச்சடைத்துச் சாகிறது, செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீருக்கு நடுவிலேயே இலை வாடுகிறது. இந்த வாட்டத்தைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் இந்தச் செடிகள் தோட்டத்தில் சாவதற்கு முதல் காரணம்.

ஒரு வேரை இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளுத்தோ இளம்பழுப்பாகவோ விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை விரல்களுக்கிடையே இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவி வந்து, உள்ளே நூல் மட்டும் நிற்கும். கெட்ட வாடையும் வரும். அடித்தண்டுவரை கறுத்திருந்தால் காப்பாற்ற முடியாது. நுனிவேர்கள் மட்டும் போயிருந்தால் தண்ணீரை நிறுத்தி, அடியில் மண்ணை மூடப் போட்ட இலைதழை மூடாக்கை விலக்கி, மண்ணைக் காயவிடுங்கள்.

செடி பிழைத்தாலும் இடத்தைச் சோதித்தே ஆக வேண்டும். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓர் அங்குலம் கூட இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் வடிகால் இல்லை. களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்துவிட்டால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் இன்னும் இறுகித்தான் போகும். அதைவிட, முக்கால் அடி ஓர் அடி உயரத்துக்கு மண்ணைக் கூட்டி மேடு கட்டி, மேட்டின் தலையில் நடுங்கள். வேலை குறைவு, பலன் உறுதி.

கனகாம்பரத்தில் வாட்டமும் வளர்ச்சி நின்றுபோவதும் சேர்ந்து வந்தால் வேரைத் தாக்கும் நுண்புழுவான நூற்புழுவையும் சந்தேகிக்க வேண்டும். வேரில் முடிச்சுகளோ கறுத்த கீறல்களோ தெரியும். நூற்புழு போட்ட காயம் வழியாக வாடல் பூசணம் உள்ளே நுழைவதும் உண்டு. அந்தச் செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அதே குழியில் மறுபடி கனகாம்பரம் வைக்காமல் ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள். செண்டுமல்லியின் வேர் நூற்புழுவைக் குறைக்கும்.

இலை தளதளவென்று இருக்கிறது, பூ இல்லை, தண்டு சாய்கிறது

சாணம், மண்புழு உரம், கலப்பு உரம் எதுவானாலும் நிறுத்துங்கள். வறண்ட மண்ணில் வளர்ந்து பழகிய செடிக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால், இலையும் நீண்ட மெல்லிய தண்டும்தான் வரும். கொழுஞ்சி தன் வேர் முடிச்சுகளிலேயே காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும், அதற்குக் கொடுப்பது வீண். ஆவாரைக்கு அந்த முடிச்சு கிடையாது. ஆனாலும் அது ஏழை மண்ணுக்கே பழகியது. நடும்போது குழியில் கொஞ்சம் மக்கிய இலை போட்டிருந்தால் அதுவே போதும்.

உரம் போடாமலும் இப்படி இருந்தால் வெயிலைக் கணக்கெடுங்கள். ஆவாரையும் எருக்கும் கொழுஞ்சியும் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் கேட்பவை. பகல் பாதி மதில் நிழலில் நிற்கும் ஆவாரை வெளிச்சத்தைத் தேடிச் சாயும். குச்சி கட்டி நிமிர்த்துவது தீர்வல்ல, இடம்தான் தவறு. கனகாம்பரம் மட்டும் பாதி நிழலில் நன்றாகவே பூக்கும்.

விஷ்ணுகிரந்தியில் "மொட்டு தெரிகிறது, பூவைக் காணோம்" என்றால் காலையில் போய்ப் பாருங்கள். அந்தச் சின்ன நீலப் பூ காலையில் விரிந்து மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். மாலையில் தோட்டத்துக்கு வருகிறவர் கண்ணில் அது படுவதே இல்லை.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது இயல்பு. கோடை நெருங்கும்போது செடி தானே சுமையைக் குறைத்துக்கொள்கிறது.

நுனிக் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. கனகாம்பரத்தில் இது மிகச் சாதாரணம். மண்ணில் இரும்பு இல்லாமல் இருப்பது அரிது. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்து களர்த்தன்மை ஏறினால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. வீட்டுச் சுவரையொட்டிய பாத்தியில் இது வந்தால் தோண்டிப் பாருங்கள், கட்டடம் கட்டியபோது புதைந்த சிமெண்ட், காரை, ஓட்டுத்துண்டு கிடைக்கும். அதை அள்ளி எறிந்து நல்ல மண் நிரப்புவதுதான் நிலையான தீர்வு. உடனடிக்கு, லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு எனப்படும் இரும்பு சல்பேட்டைக் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம், பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை பிடிக்கும், பார்த்துத் தெளியுங்கள்.

இலை விளிம்பு மட்டும் கருகி, மண்மேல் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் போர் தண்ணீரின் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதால் உப்பு மேலேயே தங்குகிறது. ஒருமுறை ஆழமாக ஊற்றி உப்பைக் கீழே இறக்குங்கள். மழைநீர் சேமிப்பு இருந்தால் இந்தச் செடிகளுக்கு அதுவே உத்தமம்.

கோடையில் செடியே மறைந்துவிட்டது

பலர் இந்தக் கட்டத்தில்தான் உயிருள்ள செடியைப் பிடுங்கி எறிகிறார்கள். பல்லாண்டுச் செடிக்கு வறட்சியைத் தாண்ட இரண்டு வழி உண்டு: ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்து நிற்பது, அல்லது மேலே உள்ளதை எல்லாம் விட்டுவிட்டு மண்ணுக்குள் உறங்குவது. செங்காந்தள் இரண்டாம் வகை. காய் முற்றியதும் கொடி மஞ்சளாகி, பழுத்து, அடியோடு காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். இந்த நேரத்தில் "ஐயோ காய்ந்துவிட்டதே" என்று தண்ணீர் ஊற்றினால் உறங்கும் கிழங்கு அழுகும். கொடி காய்ந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, அடுத்த மழைவரை அந்தப் பக்கமே போகாதீர்கள். கூலிக்கு வரும் தோட்டக்காரர் யாராவது வந்து கொத்தினால் அந்தக் குச்சிதான் கிழங்கைக் காப்பாற்றும்.

மழை வந்தும் முளைக்கவில்லை என்றால் கிழங்கை மெல்லத் தோண்டிப் பாருங்கள். கவட்டை போல இரு கிளையாக இருக்கும் அந்தக் கிழங்கில், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. உருளைக்கிழங்கு மாதிரி துண்டு போட்டால் எல்லாத் துண்டும் முளைக்காது. நுனி ஒடிந்த கிளை அதோடு முடிந்தது. எடுக்கும்போதும் நடும்போதும் அந்த நுனியைத்தான் காக்க வேண்டும். கிழங்கைப் படுக்கவைத்து, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் நடுங்கள். கொடியும் கிழங்கும் விதையும் எல்லாமே கடும் நஞ்சு, கிழங்கு மிகமிக மோசம். கையுறை போடுங்கள். குழந்தைகளோ மண்ணைக் கிளறும் நாயோ உள்ள வீட்டில் இதை வளர்க்காதீர்கள் என்றே சொல்வேன்.

ஆவாரை, முள்ளி போன்றவற்றில் இலை கொட்டிவிட்டால் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே பழுப்பாக இருந்தால் கீழே கீழே சுரண்டிக்கொண்டே வந்து, பச்சை தொடங்கும் இடத்துக்கு மேல் வெட்டிவிடுங்கள். தும்பை காய்ந்திருந்தால் அது வேறு கதை. அது ஒரு பருவத்துச் செடி, விதை கொட்டிவிட்டுப் போயிருக்கும்.

இலையை ஏதோ தின்கிறது

தெளிப்பானை எடுப்பதற்கு முன் யார் தின்கிறார் என்று பாருங்கள். எருக்கிலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு, முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்பு நீட்டிக்கொண்டு ஒரு புழு இருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் பிள்ளை. ஆவாரை இலையோடு இலையாக ஒட்டிக் கிடக்கும், பக்கவாட்டில் வெளிர்க்கோடு ஓடும் பச்சைப் புழுவும் பட்டாம்பூச்சிதான். பாதி இலை போனாலும் வேரூன்றிய செடி மறுபடி துளிர்க்கும், விட்டுவிடுங்கள். வேப்பெண்ணெய் தெளித்தால் இவையும் சேர்ந்துதான் சாகும்.

செங்காந்தளில் வரும் புழு வேறு. கறுத்த உடலில் வெள்ளை, செம்புள்ளிகளோடு கூட்டமாக வந்து சில நாளில் கொடியை மொட்டையாக்கிவிடும். இலை போனால் கிழங்கு பருக்காது, அடுத்த ஆண்டுப் பூவும் போகும். அதனால் இவற்றைக் குச்சியால் தட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். எருக்கின் கொழுந்தை மூடியிருக்கும் மஞ்சள் அசுவினிப் பூச்சிக்குப் பீய்ச்சியடிக்கும் தண்ணீரே போதும். எருக்கைத் தொடும்போது அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வையையே பாதிக்கும்.

ஆவாரை கொத்துக்கொத்தாகப் பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

ஆவாரையின் மகரந்தப்பை தானாக வெடிக்காது. நுனியில் சிறு துளை மட்டும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைக்கத் தெரிந்த தேனீக்களால்தான் உள்ளிருக்கும் மகரந்தத்தை உதிர்க்க முடியும். கரிய, பருத்த தச்சுத் தேனீ அந்த வேலையில் தேர்ந்தது. பூவில் அது உட்காரும்போது சத்தம் மாறுவதைக் காதாலேயே கேட்கலாம். அது பட்டுப்போன மரக்கட்டையில் துளை போட்டுக் குடியிருப்பது. தோட்டத்து மூலையில் காய்ந்த கட்டை ஒன்றிரண்டை எரிக்காமல் கிடக்கவிடுங்கள், பூக்கும் காலத்தில் எந்தப் பூச்சிமருந்தும் வேண்டாம்.

மூன்றாம் ஆண்டில் அடி மொட்டையாகி உச்சியில் மட்டும் பூ

பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்யுங்கள். விதை வேண்டுமென்றால் சில கிளைகளை மட்டும் காய்க்க விட்டுவிட்டு, மற்றவற்றை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். ஆவாரை இதைவிடக் கடுமையான வெட்டையும் தாங்கும். நடுக்கோடையில் வெட்டாதீர்கள், மழைக்குச் சற்று முன் வெட்டினால் அடியிலிருந்து புதுக்கிளை கிளம்பும்.

எல்லாம் நன்றாக வளர்கிறது, ஆனால் வண்ணத்துப்பூச்சியின் முட்டை ஒன்றுகூட இல்லை

செடியின் ஊரை விசாரியுங்கள். நம் ஊர் வண்ணத்துப்பூச்சிகள் பெரும்பாலும் நம் ஊர்ச் செடிகளைத்தான் முட்டையிடத் தேடும். நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. காய் நனைந்தால் பட்டென்று வெடிக்கும் பட்டாசுக்காய்ச் செடியும், வேலியெங்கும் படர்ந்த உன்னிச்செடியும் அமெரிக்கக் கண்டத்தவை. மூன்றும் வறட்சி தாங்கும், காட்டுச்செடி என்ற பெயரிலேயே கைமாறும். நித்தியகல்யாணியால் தொல்லையில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். பட்டாசுக்காய் பாத்தி முழுக்கப் பரவிவிடும், விதை முற்றுமுன் களைந்துகொண்டே இருங்கள். உன்னியை வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஊறவைத்த ஆவாரை விதை நான்கைந்தைப் போடுங்கள், முளைத்து வந்தபின் நன்றாக ஊன்றிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.